உப்புக் கழுவும் ஸ்குரூவும் ஜவ்பர் நானாவின் கையும்

அன்பு மகன் ரிஸ்மிக்கும் மகள் ஹஸ்னாவுக்கும்,

போன கிழமை ரிஸ்மியின் வகுப்பில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் வாப்பா என்ன தொழில் என்று கேட்டிருக்கிறார். ரிஸ்மி, நீ "பெயின்டர்" என்று சொன்னாயாம். வீட்டுக்கு வந்து அதை நீ சொன்னதும் ஹஸ்னா, "பெயின்டர் இல்லடா, வாப்பா இரும்புக்கு மேக்கப் போடுற ஆள்" என்றாள். உம்மாவும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் படுத்த பிறகு யோசித்தேன். நான் செய்யும் தொழில் என்னவென்று என் பிள்ளைகளுக்கு நான் ஒருநாளும் உட்கார்ந்து சொன்னதில்லை. பத்தாம் வகுப்பு ஓ.எல். சோதனை வரைக்கும்தான் படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் டீச்சரிடம் காட்டாதீர்கள்.

1. இரண்டு டின்

பெயின்ட் அழகுக்கு அடிப்பது. நாங்கள் பூசுவது தேயாமல் இருக்க.

எங்கள் பூச்சு இரண்டு டின்களில் வரும். ஒரு டின்னில் எபொக்சிப் பசை. அந்தப் பசைக்குள் பீங்கான் மணிகள் கலந்திருக்கும், கைவிரலில் எடுத்துத் தேய்த்தால் மணல்போல நெருடும். மற்ற டின்னில் பசையை இறுகச் செய்யும் மருந்து. இரண்டையும் அளவு பார்த்துக் கலந்து, அது இறுகுவதற்குள் இரும்பில் அப்பி இழுத்துவிட வேண்டும். பசை இரும்பைப் பிடித்துக்கொள்ளும், மணிகள் உரசலைத் தாங்கும். பசை மட்டும் என்றால் உப்பு அதைச் சீக்கிரம் அரைத்துவிடும். மணி மட்டும் என்றால் இரும்பில் நிற்காது. ஒன்றுக்குள் ஒன்று இருப்பதால்தான் இரண்டுக்கும் மதிப்பு.

ஆனால் பூசுவது கடைசி வேலை. அதற்கு முந்திய வேலைதான் பெரியது. கொம்பிரசரில் காற்றை ஏற்றி, கார்னெட் என்ற கூர்மணலை இரும்பில் அடிப்போம். துரு, பழைய பெயின்ட், அழுக்கு எல்லாம் போய், இரும்பு மங்கலான வெள்ளிபோல வரும். மேற்பரப்பு பூனை நாக்குமாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பில்தான் பூச்சு வேர் பிடிக்கிறது. அப்படிச் சுத்தமான இரும்பைப்போல ஏமாளி உலகத்தில் இல்லை. எது பட்டாலும் வாங்கிக்கொள்ளும். புத்தளத்துக் காற்றில், கடல் புகுந்து நிற்கும் களப்பின் உப்பு இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். காலையில் அடித்த இரும்பைப் பின்நேரம் வரை விட்டால் மஞ்சள் பூத்துவிடும்.

2. மீன் வெட்டலாம்

களப்போரத்தில் ஒரு உப்புக் கழுவும் ஆலை. உப்பளத்தில் வாரும் உப்பில் சேறும் மண்ணும் இருக்கும். அதை உப்புத் தண்ணீரோடு ஒரு நீளத் தொட்டியில் போட்டு, பெரிய ஸ்குரூ ஒன்று சுற்றிச் சுற்றி மேலே தள்ளும். தள்ளும்போது அழுக்கு கழுவப்பட்டுக் கீழே போகும், வெள்ளை உப்பு மேலே வரும். தேங்காய் துருவியின் தலையை நீட்டி இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒன்று. அதன் பிளேட் ஒவ்வொன்றும் விருந்தில் பலர் சுற்றியிருந்து சாப்பிடும் சோற்றுச் சகன் அளவு அகலம்.

உப்புப் பளிங்கு என்பது கத்தி. அது ஒரு பக்கம் இரும்பை அரைக்கும், மறுபக்கம் துருப்பிடிக்க வைக்கும். துருவை அரைத்து எடுத்தால் புது இரும்பு வெளியே வரும், அது மறுபடி துருப்பிடிக்கும். இப்படியே போய், ஒரு பருவம் முடியுமுன் பிளேட்டுகள் மெலிந்துவிடும். தொழில் தெரிந்த என்னைப் பாஸ் என்பதுபோல அவர் வெல்டிங் பாஸ், வந்து பட்டை வைத்து ஒட்டுவார். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் உடையும். ஆலை நிற்கும். உப்பைப் பையில் போட்டுப் பக்கெட் கட்டும் பெண்கள் அன்று சம்பளமில்லாமல் வீட்டுக்குப் போவார்கள்.

அந்த ஸ்குரூவை லொறியில் ஏற்றிக்கொண்டு எங்கள் வேர்க்ஷொப்புக்கு வந்தவர் ஜவ்பர் நானா, ஆலையின் மெஷின் ஓட்டுநர். நம் தில்லையடி ஆள்தான், பள்ளிவாசலுக்குப் பின்தெரு. பிளேட்டின் விளிம்பில் நகத்தால் தட்டிக் காட்டினார்.

"பாருங்க தம்பி, இதால மீன் வெட்டலாம். என்ட மனிசிக்கு ஒண்டு கழட்டிக் குடுப்பமா எண்டு யோசிச்சன்."

கூட வந்திருந்த ஆலைச் சொந்தக்காரர் ஹாஜியாருக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் நிஸாம் முதலாளியிடம் நேரடியாகச் சொன்னார்:

"நிஸாம், இது கடைசி. வெல்டிங்குக்கும் பட்டைக்கும் கொட்டிக் களைச்சுப் போனன். ஒங்கட பூச்சு இந்தப் பருவம் நிண்டா நிண்டது. இல்லாட்டி மெஷினப் பழைய இரும்புக்குக் குடுத்துட்டு, கழுவாத உப்ப அப்படியே லொறியில ஏத்தி விப்பன். எனக்கு நட்டமில்ல."

அவருக்கு நட்டமில்லை. ஆனால் மெஷின் போனால் ஜவ்பர் நானாவுக்கு வேலை இல்லை, பக்கெட் கட்டும் பெண்களுக்கும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் ஜவ்பர் நானா ஸ்குரூவோடு கூடவே வந்திருந்தார். ஹாஜியார் போன பிறகும் போகவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியில பிள்ளைய விட்டுட்டு வீட்டுக்குப் போவாங்களா?" என்றார்.

3. பரக்கத் கை

ஜவ்பர் நானாவின் வலது கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஊரில் "பரக்கத் கை", அருள் உள்ள கை, என்று பெயர். புது மோட்டார் பூட்டினால் முதலில் அவர் கை வைத்து "பிஸ்மில்லாஹ்" சொல்வார், பிறகுதான் சுவிட்ச். பருவத்தின் முதல் உப்பு வாரும்போது அளத்துக்காரர்கள் சைக்கிளில் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் கை பட்டு முதல் கூடை ஏறினால் மழை பிந்தும் என்பார்கள். மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் ஒருநாள் பயானில் எல்லோருக்கும் போதித்தார். அடுத்த வாரமே அவர் தன் புது மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து ஜவ்பர் நானாவின் வீட்டு முன்னால் நிறுத்தியிருந்தார். "சும்மா காட்டத்தான்" என்றாராம்.

ரிஸ்மி, நீ பிறந்து நாற்பதாம் நாள் உன் தலையில் முதலில் கை வைத்தவரும் அவர்தான்.

அந்தக் கை எப்படி இருக்கும் தெரியுமா? வாலிபத்தில் இருந்து உப்பில் கிடந்த கை. உள்ளங்கை முழுதும் வெடிப்பு, வெடிப்புக்குள் வெள்ளைக் கோடு. எவ்வளவு கழுவினாலும் அந்தக் கோடு போகாது.

ஸ்குரூவுக்குக் கார்னெட் அடித்து முடித்தோம். இரும்பு வெள்ளியாக நின்றது. நான் முகமூடியைக் கழற்றி, டின்னைத் திறக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்க்கும்போது ஜவ்பர் நானா முதல் பிளேட்டில் உள்ளங்கையை முழுதாகப் பதித்து, கண்ணை மூடி ஓதிக்கொண்டு நிற்கிறார்.

"நானா! தொட வேணாம்!"

கொம்பிரசர் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. ஓதி முடித்துத்தான் கண்ணைத் திறந்தார்.

"என்ன தம்பி, பேயக் கண்டமாதிரிக் கத்துறீங்க?"

"வெறுங்கை படக்கூடாது நானா. பூச்சுப் பிடிக்காது."

"இந்தக் கை பட்டாத்தான் ஓடும். ஹாஜியாரக் கேட்டுப் பாருங்க."

நிஸாம் முதலாளி சிரித்தார். "விடுங்க பாஸ். பெரிய மனிசன்ட துஆதானே. தின்னர் போட்டுத் துடைச்சுட்டு வேலையப் பாருங்க."

கை பட்ட இடத்தைத் தின்னரால் துடைப்பதுதான் எங்கள் வழக்கம். அப்படித்தான் நானும் பழகியிருந்தேன். புதுத் துணி எடுத்து ஒருமுறைக்கு இரண்டுமுறை துடைத்தேன். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. இரும்பிலும் ஒன்றும் தெரியவில்லை. பூசினோம். ஜவ்பர் நானா இறுகும்வரை இருந்து, பிளேன்டீ குடித்து, ஸ்குரூவோடு லொறியில் ஏறிப் போனார்.

4. அஞ்சு விரல்

பூச்சு நன்றாகத்தான் நின்றது. ஜவ்பர் நானா அடிக்கடி போனில் கோல் எடுப்பார். "தம்பி, சத்தமே இல்ல. முந்திக் கறகறவெண்டு பல்லுக் கடிக்கும். இப்ப புதுப்பொண்ணு மாதிரி நடக்குது." வெல்டிங் பாஸைப் பருவம் முழுதும் அந்தப் பக்கம் காணவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

பருவம் முடியப் போகும் நேரத்தில் ஒருநாள் குரல் மாறியிருந்தது.

"ஒருக்கா வந்துட்டுப் போங்க தம்பி. முதல் பிளேட்டில என்னவோ கொப்புளிச்சிருக்கு. ஹாஜியாரும் வாறாராம்."

போனேன். தொட்டித் தண்ணீரை வடித்திருந்தார்கள். மற்றப் பிளேட்டுகள் எல்லாம் பூசிய அன்று இருந்த மாதிரியே, வழுவழுவென்று. முதல் பிளேட்டில் மட்டும் பூச்சு கொப்புளித்து, சில இடத்தில் உரிந்து, அடியில் சிவப்புத் துரு. நான் குனிந்து பார்க்குமுன் பக்கெட் கட்டும் மும்தாஸ் ராத்தா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"யா அல்லாஹ், இது கையாச்சே!"

கைதான். உள்ளங்கை ஒரு வட்டம், அதற்கு மேல் ஐந்து விரல். யாரோ துருவைத் தொட்டு அச்சு வைத்தமாதிரி.

கூடி நின்றவர்களுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. "ஜின்ட கை" என்றான் ஒருத்தன். "ஜின்னுக்கு ஆறு விரலாம்" என்றான் இன்னொருத்தன். மும்தாஸ் ராத்தா, "நானா, ஒங்கட கைய வெச்சுப் பாருங்களே, சரியா எண்டு" என்றார்.

ஜவ்பர் நானாவும் சிரித்துக்கொண்டே கையை வைத்தார்.

சரியாக இருந்தது. சுண்டுவிரல் ஒரு பழைய முறிவில் சற்று வளைந்திருக்கும் அவருக்கு. பிளேட்டிலும் அந்த விரல் வளைந்திருந்தது. அவர் சிரிப்பு முகத்திலேயே நின்று, பிறகு மெதுவாகப் போனது. கையை எடுக்கவும் மறந்து நின்றார்.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். "என்ன பாஸ் இது?"

பிள்ளைகளே, நான் பொய் சொல்லவில்லை. ஒன்றையும் மறைக்கவும் இல்லை. சொன்னேன்: "பூசுறதுக்கு முந்தி அந்த இடத்தில கை பட்டது ஹாஜியார். கையில இருந்த உப்பு இரும்பில நிண்டிருக்கு. நான் தின்னரால துடைச்சன். துடைச்சது காணாது. நான் வேற மாதிரிச் செய்திருக்கணும்."

இரண்டையும் சொன்னேன். ஆனால் தின்னர் என்பது யாருக்கும் கண்ணால் காண முடியாத ஒன்று. கை எல்லோருடைய கண் முன்னாலும் இருந்தது.

ஹாஜியார் மற்றப் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். முகம் தெளிந்தது. "அப்ப பூச்சில பிழை இல்ல. கையிலதான் பிழை." பெரிதாகச் சிரித்தார். "ஜவ்பர், ஒன்ட பரக்கத் இரும்பையும் திங்குதேடா! நல்லம் பாஸ். பருவம் முடிய அந்தப் பிளேட்ட மட்டும் திருப்பிப் பூசுங்க. மெஷின் இருக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். வேலை தப்பிய சந்தோஷம் அது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் வார்த்தையால்தான் மெஷின் தப்பியது. காரணம் தெரியாமல் போயிருந்தால் ஹாஜியார் அன்றே பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டிருப்பார். பருவம் முழுதும் ஜவ்பர் நானா பயந்திருந்தது நடக்கவில்லை. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கையை இடுப்புச் சாரனில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

5. கையுறை

அதன்பிறகு அவர் ரப்பர் கையுறை போட ஆரம்பித்தார். "நானா, சோறும் இதாலதான் திம்பீங்களா?" என்று பெண்கள் கேட்பார்களாம். அவரோ மோட்டார் சுவிட்சை முழங்கையால் தட்டிவிடுவாராம். அடுத்த பருவத்து முதல் கூடைக்கு அளத்துக்காரர் ஒருவர் கூப்பிடப் போனபோது, "வேற யாரையும் பாருங்க" என்றிருக்கிறார். பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் கைகொடுத்துக் கட்டிப்பிடிக்கும்போது, அவர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டு வெளியே போனதை நான் என் கண்ணால் கண்டேன். கொஞ்ச நாளில் ஆலையையும் விட்டுவிட்டு, வண்ணாத்திவில்லுவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே முந்திரிக் கஜுத் தோட்டம் பார்க்கிறார் என்றார்கள்.

எனக்கு அது மனதில் கிடந்தது. டின் விற்கும் கொம்பனி ஆள் வந்தபோது கேட்டேன். அவர் சொன்னார்: தின்னர் எண்ணெயைத்தான் எடுக்கும், உப்பை எடுக்காது. உப்புக்கு நல்ல தண்ணீர்தான். தண்ணீரால் கழுவி, காயவைத்து, மறுபடி கார்னெட் அடிக்க வேண்டும். உள்ளே மாட்டிய உப்பு, ஆலையில் மாலைதோறும் மெஷினை நல்ல தண்ணீரால் கழுவும்போது, அந்த ஈரத்தைப் பூச்சு வழியாக உறிஞ்சி உறிஞ்சித்தான் கொப்புளித்திருக்கிறது.

நானே செய்து பார்த்தேன். இரண்டு இரும்புத் துண்டு. இரண்டிலும் உப்புத் தண்ணீரில் நனைத்த என் கையை வைத்தேன். ஒன்றைத் தின்னரால் துடைத்தேன், மற்றதைக் கழுவி மறுபடி அடித்தேன். இரண்டையும் பூசித் தண்ணீரில் போட்டு வைத்தேன். தின்னர் துண்டில் என் கை வந்தது. மற்றது சுத்தம்.

இரண்டையும் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வண்ணாத்திவில்லுவுக்குப் போனேன். ஜவ்பர் நானா மரத்தடியில் கஜுக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். சலாம் சொல்லி இரண்டு கையையும் நீட்டினேன். அவர் பதில் சலாம் சொன்னார், கை கொடுக்கவில்லை.

"கஜு எண்ணெய் தம்பி. பட்டா தோல் வெந்துடும்."

இன்னும் கொட்டை உடைக்கவே ஆரம்பிக்கவில்லை. கொட்டை எல்லாம் கூடையில் முழுசாக இருந்தன. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

துண்டுகளை எடுத்துக் காட்டினேன். "பாருங்க நானா, இது என்ட கை. யார் கை பட்டாலும் இப்பிடித்தான். கையில பிழை இல்ல, கழுவாததுதான் பிழை."

கவனமாகக் கேட்டார். துண்டைத் தொடாமல், குனிந்து பார்த்தார்.

"ஓம் தம்பி, விளங்குது. நீங்க அண்டைக்கும் அப்பிடித்தான் சொன்னீங்க. நான் கேட்டன்." கொஞ்ச நேரம் கொட்டை பொறுக்கினார். "அது ஒங்கட தொழில் கதை. ஆனா அதில விழுந்த அடையாளம் என்ட கைதானே."

மகளைக் கூப்பிட்டு எனக்குத் தேநீர் போடச் சொன்னார். ஒரு பை கஜுவும் தரச் சொன்னார். மகள்தான் கொண்டுவந்து தந்தார்.

6. நான் கண்டது

இப்போது எங்கள் வேர்க்ஷொப்பில் கை பட்டால் நல்ல தண்ணீர், பிறகு மறுபடி கார்னெட். முதலாளி சொன்னாலும் தின்னர் இல்லை. இது தொழிலுக்கான பாடம், இது லேசு.

மற்றப் பாடம் கஷ்டம். ஜவ்பர் நானா கதிரை போட்டு உட்கார்ந்தபோதே எனக்குத் தெரியும், அவர் கை வைக்காமல் போக மாட்டார் என்று. "இப்ப வேணாம் நானா, பூசி இறுகட்டும், பிறகு நல்லா வைங்க" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் காணும். இறுகிய பூச்சில் கை வைத்தால் ஒன்றுமே ஆகாது. தொடக்கூடாத நேரம் அவ்வளவு சின்னது. அந்தச் சொல் அன்று என் வாயில் வரவில்லை. பிறகு சொன்னதெல்லாம் சரியான சொல்தான். சரியான சொல்லும் கூட்டத்துக்கு நடுவில் விழுந்தால் எங்கே ஒட்டும், எதை உரிக்கும் என்று சொன்னவனுக்குத் தெரியாது. நீங்கள் படித்துப் பெரிய இடத்துக்குப் போவீர்கள், இன்ஷா அல்லாஹ். ஒருவரின் பிழையைச் சொல்ல வேண்டி வந்தால், முதலில் சுற்றி நிற்பவர்களைப் பாருங்கள்.

வண்ணாத்திவில்லுவில் இருந்து வந்த கிழமையே ஆலையின் ஸ்குரூ எங்களிடம் வந்தது; முந்தி அந்த ஒரு பிளேட்டை மட்டும் திருப்பிப் பூசியிருந்தோம், இந்தமுறை முழுதாகப் பூச. பூசி, இறுகி, தட்டிப் பார்த்து முடித்தோம். லொறி வர நேரமிருந்தது. முதலாளி லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார், மற்றவர்கள் சாப்பாட்டுக்கு. அந்த ஸ்குரூ யாருடைய கையும் படாமல் போகப் போகிறது என்று அப்போதுதான் நினைத்தேன். கையுறையைக் கழற்றினேன். முதல் பிளேட்டில், அவர் வைத்த அதே இடத்தில், என் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்து, வழுவழுவென்று இருந்தது. அவர் நின்ற அளவு நேரம் கண்ணை மூடி நின்று, "பிஸ்மில்லாஹ்" சொன்னேன். பிறகு போய் லொறிக்குக் கதவைத் திறந்து வைத்தேன்.